நேத்துக்காரங்க

எங்க ஆபீஸுக்குள்ள நுழையற யாரா இருந்தாலும், எதை உடுத்திக்கிட்டு வந்தாலும், அந்தக் கண்ணாடிக் கேட்டைத் தாண்டினதும் நேத்துக் காலையில உடுத்தினதோடதான் நிப்பாங்கங்கறது இப்போ துரைப்பாக்கத்துல பச்சைக் குழந்தைக்கும் தெரியும், அதனால அதைப் பத்தி யாரும் வாயைப் பிளக்கறதில்ல, முனையில இருக்கற டீக்கடைக்காரர்கூட எங்க கூட்டத்தைப் பார்த்தா "நேத்துக்காரங்களுக்கு நாலு டீ"ன்னு உள்ள குரல் குடுத்துட்டு அவர் பாட்டுக்கு வடையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருப்பார். ஆனா அந்தக் கேட்டுக்கும் எங்க ரேணுகா கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்னு முழுசாத் தெரிஞ்சது அஞ்சாவது மாடிக்காரங்களுக்கு மட்டும்தான். நானே சொல்லிடறேன், இல்லன்னா ஆளாளுக்குக் கண்ணு காது மூக்கு வெச்சுடுவாங்க.

என் பேரு ஜமுனா. போன்ல பணம் அனுப்பற 'சட்டுனு'ங்கற ஆப் இருக்கே, அந்தக் கம்பெனியில நான் புகார் பிரிவு. விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் "என் கணக்குலேர்ந்து போயிடுச்சு, அவங்க கணக்குல சேரலை"ன்னு ஊர் உலகமே என் காதுல வந்து அழும், நானும் தலையில மாட்டின அந்த ஹெட்போனோட "எங்கயும் காணாமப் போகலைங்க, கிளம்பிடுச்சு, வழியில இருக்கு, நாளைக்கு வந்து சேர்ந்துடும்"னு ஒரே பாட்டைப் பாடிக்கிட்டு இருப்பேன். பொய் இல்ல. நீங்க மளிகைக் கடையில இன்னிக்கு ஸ்கேன் பண்ணிக் குடுக்கற காசு, கடைக்காரர் கணக்குல நாளைக்குத்தான் போய் உக்காரும். எங்க பாஷையில அதுக்கு 'டி பிளஸ் ஒன்'னு பேரு. இன்னிக்குக் கிளம்பினது நாளைக்குச் சேரும், அவ்வளவுதான் விஷயம். அந்தப் பணத்தையெல்லாம் மறுநாள் உரியவங்ககிட்ட கொண்டுபோய்ச் சேர்க்கற பிரிவுக்குத் தலைவிதான் ரேணுகா. திண்டிவனத்துப் பொண்ணு, அம்மா இல்லாம அப்பா கையால சோறு தின்னு வளர்ந்தவ.

ஆரம்பத்துல எங்க கம்பெனியில உடுப்புன்னு ஒரு ஒழுங்கே கிடையாது. முதலாளிப் பையனே அரை டிராயர்லதான் வருவான், மத்தவங்க கிழிஞ்ச ஜீன்ஸ், கம்பெனிப் பேரு போட்ட டி-சர்ட், ஏசி குளிருக்குத் தலையை மூடற ஸ்வெட்டர். அப்பத்தான் ஒரு பேங்க்லேர்ந்து எங்க மனிதவளப் பிரிவுக்கு அனசூயா மேடம் வந்து சேர்ந்தாங்க. வந்த அன்னிக்கே மாடியை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "அரை டிராயர் போட்டவன் கையில யார் நம்பிப் பணத்தைக் குடுப்பாங்க?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டாங்க. மறு வாரமே உத்தரவு: ஆம்பளைங்க நீலச் சட்டை, இன் பண்ணணும், ஷூ, பொம்பளைங்க நீலத்துலயே காட்டன் புடவை இல்லன்னா துப்பட்டா வெச்ச சுடிதார், சட்டம் மீறினா கேட்டு திறக்காது. கேட்டுல ஒரு கேமரா வெச்சு அது உடுப்பைப் பார்த்துத் திறக்கற மாதிரி புரோகிராம் எழுதுன்னு இம்மானுவேல்கிட்ட சொன்னாங்க.

சாஃப்ட்வேர்க்காரங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் புதுசா ஓட விட மாட்டாங்க, அது அவங்க சாதியிலேயே விலக்கு. இம்மானுவேல் கெஞ்சிப் பார்த்தான். "திங்கக்கிழமை காலையில நடைமுறைக்கு வந்தாகணும்"னு மேடம் ஒத்தக்கால்ல நின்னாங்க. அவனும் பாவம், புதுசா எழுத நேரமில்லாம, ரேணுகா பிரிவுல பணம் சேர்க்கற புரோகிராமை அப்படியே காப்பியடிச்சு ஒட்டி, பணம்னு இருந்த இடத்துல எல்லாம் உடுப்புன்னு மாத்திட்டு, பைக்கை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான். ஒரு வரியை மாத்த மறந்துட்டான்: காலை ஒன்பது மணிக்கு இருக்கற நிலவரத்தை எடு, மறுநாள் கொண்டுபோய்ச் சேர்.

திங்கக்கிழமை காலையில தணிகாசலம் சார்தான் முதல்ல நுழைஞ்சார். எங்க ஆபரேஷன்ஸ் பெரியவர், கோட்டு இல்லாம அவரைப் பார்த்தவங்க கிடையாது, ஞாயித்துக்கிழமை ஆனா கிண்டியில கோல்ஃப் ஆடப் போவேன்னு சொல்லிக்கிட்டுத் திரிவார். கார்டைத் தேய்ச்சு, கேட்டைத் தாண்டி, இந்தப் பக்கம் வந்து நின்னா, கட்டம் போட்ட லுங்கி, ஓட்டை பனியன், தோள்ல ஈரத் துண்டு. குனிஞ்சு தன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேத்து இந்நேரம் மீன் கழுவிக்கிட்டு இருந்தேம்மா"ன்னார் மெதுவா. நான் சிரிக்கலை, சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை, நானே அவருக்குப் பின்னாடி நைட்டி மேல பூத்துவாலையைப் போட்டுக்கிட்டு நின்னுட்டு இருந்தேன். எனக்குப் பின்னாடி ஒருத்தி சர்ச்சுப் பாட்டுக் குழுவோட வெள்ளை அங்கியில, அவளுக்குப் பின்னாடி ஒருத்தன் கிரிக்கெட் பேடு கட்டின காலோட, இம்மானுவேல் வெறும் போர்வையில. அன்னிக்குப் பூரா நான் அந்த நைட்டியிலேயே உக்காந்து "நாளைக்கு வந்து சேர்ந்துடும்"னு சொல்லிக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் கேட்டைத் தாண்டி வெளிய போனதும் காலையில கட்டிட்டு வந்த புடவை மடிப்புக் கலையாம உடம்புக்குத் திரும்பிடுச்சு.

இம்மானுவேல் அந்த வரியை எடுத்துப் பார்த்தான், புரோகிராமையே அழிச்சுப் பார்த்தான், மெஷினை அணைச்சுப் போட்டான். செக்யூரிட்டி அண்ணன் அவர் பங்குக்கு ஒரு பூசணிக்காயைச் சுத்தி உடைச்சார். ஒண்ணும் நடக்கலை. "நான் எடுத்துட்டேன் மேடம், கேட்டு அதை மனப்பாடம் பண்ணிடுச்சு"ன்னு இம்மானுவேல் கையை விரிச்சுட்டான். சரி, என்ன செய்யறது, பழகிக்கிட்டோம். ஒன்பது மணிக்கு முன்னாடி கேட்டு திறக்காது, அதனால அந்நேரத்துக்கு நாங்க தெருவுலயோ பஸ்லயோ சொந்த உடுப்புலதான் இருப்போம், ஆகவே செவ்வாய், புதன்ல எல்லாம் பிரச்சனை கிடையாது, ஒரு நாள் பழசான நீலச் சட்டையோட மாடி ஒழுங்காத்தான் இருக்கும். திங்கக்கிழமையும் பண்டிகைக்கு மறுநாளும்தான் கூத்து. தீபாவளிக்கு மறுநாள் எங்க மாடி ஜவுளிக்கடை மாதிரி இருந்துச்சு, அடுத்த கட்டடத்துலேர்ந்தெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தாங்க. ஞாயித்துக்கிழமை காலையில காட்டன் புடவை கட்டி, பின் குத்தி, பொட்டு வெச்சுக்கிட்டு நான் வெங்காயம் உரிக்கறதைப் பார்த்து என் மாமியார், "கறி வாங்கப் போறவளுக்கு எதுக்குடி இத்தனை அலங்காரம்?"னு கேட்டாங்க, விஷயத்தைச் சொன்னதும் அவங்களும் ஒரு நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கிட்டாங்க. தணிகாசலம் சார் மட்டும் மாறலை. கோல்ஃப் பேச்சை விட்டுட்டார், திங்கக்கிழமை தோறும் அதே லுங்கியில, தூக்குல மீன் குழம்போட வருவார். அந்த மனுஷனை எங்களுக்கு அப்பத்தான் பிடிச்சுது.

இப்படி எல்லாம் சௌக்கியமா ஓடிக்கிட்டிருந்தப்போதான் ரெண்டு சேதி ஒண்ணா வந்து மோதுச்சு.

முதல் சேதி, ரேணுகாவுக்குக் கல்யாணம். சுதாகர்னு ஒரு பையன், பக்கத்துக் கட்டடத்துல வேலை, தங்கமான புள்ள, ஆனா வேற சாதி. திண்டிவனத்துல சைக்கிள் கடை வெச்சிருக்கற அவ அப்பா கோதண்டம் ஒரே வார்த்தையில முடிச்சுட்டார்: "நம்ம பக்கத்துலேர்ந்து ஒரு ஈ காக்கா வராது." ஞாயித்துக்கிழமை காலையில, மேடவாக்கத்துல மண்டபம், சரியா ஒன்பது மணிக்குத் தாலி.

ரெண்டாவது சேதி, அதுக்கு மறுநாள் மும்பையிலேர்ந்து ஒரு பெரிய பேங்க்காரர் வர்றார், அந்த பேங்க் எங்களோட கை கோத்தாத்தான் கம்பெனி நிக்கும், இல்லன்னா பூட்டுதான். அனசூயா மேடம் யோசிச்சாங்க. திங்கக்கிழமை எல்லாரும் நீலச் சட்டையில இருக்கணும்னா, ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு எல்லாரும் நீலச் சட்டையில இருக்கணும். அதனால ஞாயிறு ஒன்பதுக்கு வீடியோ மீட்டிங், அத்தனை பேரும் கேமராவைப் போட்டு உடுப்பைக் காட்டணும், காட்டாதவங்க வேலையை மறந்துடலாம்.

"மேடம், ஒன்பது மணிக்குத்தான் தாலி"ன்னா ரேணுகா.

"கங்கிராட்ஸ் ரேணுகா. நீ மேடையில இருப்பே, நீ மட்டும் அன்னிக்கு லீவு போட்டுக்கோ. மத்தவங்க கல்யாணத்துக்கு வரட்டும், நான் வேண்டாம்னு சொல்லலையே. ஆபீஸ் உடுப்புல வரட்டும். மண்டபத்துலேர்ந்தே கேமராவைப் போடட்டும்."

மத்தியானம் கேன்டீன்ல ரேணுகா தட்டைத் தொடாம உக்காந்திருந்தா. நான் போய் எதிர்ல உக்காந்தேன், கொஞ்ச நேரத்துல எல்லாரும் சுத்தி வந்துட்டாங்க.

"நீலச் சட்டையை இன் பண்ணிக்கிட்டு, கழுத்துல கார்டு தொங்க, வரிசையா வந்து உக்காந்தீங்கன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னக்கா நினைப்பாங்க? பொண்ணுக்கு நாதியில்ல, ஆபீஸ்லேர்ந்து ஆள் அனுப்பியிருக்காங்கன்னுதானே? ஏற்கெனவே அவங்க சித்தி, பொண்ணு வீட்டுக்கு எத்தனை நாற்காலி போடணும்னு ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. என் பக்கம் உக்கார உங்களை விட்டா எனக்கு யாரும் இல்ல." மூக்கை உறிஞ்சிக்கிட்டா. "வந்தா என் சொந்தக்காரங்களா வாங்க. ஆபீஸா வர்றதுன்னா வேண்டாம்க்கா. காலியாவே இருந்துட்டுப் போகட்டும்."

ஒவ்வொருத்தரா தட்டை எடுத்துக்கிட்டுக் கலைஞ்சோம். வேலையை விட முடியுமா, எல்லாருக்கும் வீடு இருக்கு, பிள்ளைங்க இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. சனிக்கிழமை பூரா எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு குட்மார்னிங்கூட வரலை. நான் நீலச் சுடிதாரைத் தேய்ச்சு மாட்டி வெச்சேன், அப்புறம் பீரோவைத் திறந்து என் அரக்குப் பட்டையும் எடுத்து அது பக்கத்துல மாட்டினேன், ரெண்டையும் பார்த்துக்கிட்டே படுத்தேன். விடிஞ்சதும் மாமியார் வந்து பார்த்துட்டு, மல்லிப்பூவைக் கொண்டாந்து பட்டுப்புடவை மேல வெச்சுட்டுப் போனாங்க. போச்சுடா வேலைன்னு நினைச்சுக்கிட்டே கட்டினேன். நான் ஒருத்தியாவது அவ பக்கம் உக்காரணும்னு மட்டும்தான் மனசுல இருந்துச்சு.

மண்டபத்துல மாப்பிள்ளை பக்கம் ஜேஜேன்னு இருந்துச்சு. பொண்ணு பக்கம் மொத்த நாற்காலியும் காலி, மின்விசிறி மட்டும் சுத்திக்கிட்டு இருந்துச்சு. நான் போய் முதல் வரிசையில நடுவுல உக்காந்தேன். அப்போ வாசல்ல ஒரு சலசலப்பு, திரும்பிப் பார்த்தா, மயில்கண் வேஷ்டியும் பட்டுச் சட்டையுமா தணிகாசலம் சார், அவர் சம்சாரம், ரெண்டு மகளுங்க, மருமகன். அவங்களுக்குப் பின்னாடி பளபளன்னு குர்தாவுல இம்மானுவேல். பாட்டுக் குழுப் பொண்ணு பச்சைப் பட்டுல, கிரிக்கெட்காரன் அவன் அம்மாவைக் கையில பிடிச்சுக்கிட்டு, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் திகைச்சு, "நீயும் வந்துட்டியா, நீயும் வந்துட்டியா"ன்னு சிரிச்சுக்கிட்டே, ஒருத்தர்கூட நீலம் போடாம, தாத்தா காலத்து நகை முதற்கொண்டு எடுத்து மாட்டிக்கிட்டு, வந்துக்கிட்டே இருந்தாங்க. அரைமணியில பொண்ணு பக்கம் நாற்காலி பத்தலை.

அந்தச் சித்தி வந்து தணிகாசலம் சார் பக்கத்துல உக்காந்து, "நீங்க பொண்ணுக்கு என்ன முறை?"ன்னு கேட்டாங்க.

"பெரியப்பா"ன்னார் அவர் கூசாம.

"எந்த வழியில?"

"அஞ்சாவது மாடி வழியிலம்மா."

மேடையில ரேணுகா எங்களைப் பார்த்துச் சிரிச்சா, அழுதா, மறுபடி சிரிச்சா. ஆனா அவ கண்ணு மட்டும் அடிக்கொரு தரம் வாசலுக்குப் போயிட்டு வந்துச்சு. நான் மாலையைச் சரி பண்ற சாக்குல மேடைக்குப் போய், "அப்பா வந்துடுவார்டி. கிளம்பியிருப்பார், வழியில இருப்பார்"னேன். வாய்ப் பழக்கம், அதுவா வந்துடுச்சு.

"அக்கா, நான் கஸ்டமர் இல்லக்கா"ன்னா அவ.

எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்பவே கெட்டிமேளம் கொட்டிடுச்சு. சரியா ஒன்பது, எங்க எல்லார் இடுப்புலயும் பையிலயும் போன் ஒரே நேரத்துல அதிர ஆரம்பிச்சுது, மேடம் மீட்டிங்குக்குக் கூப்பிடறாங்க. ஒருத்தரும் எடுக்கலை. அட்சதையைத்தான் எடுத்துப் போட்டோம். வாசல்ல யாரும் வரலை.

திங்கக்கிழமை எல்லாரும் நல்ல புள்ளைங்களா நீலத்துலதான் வந்து கேட்டு முன்னாடி நின்னோம், உள்ள போனதும் பட்டும் ஜரிகையும் மல்லிப்பூவுமா மாடி மணக்க ஆரம்பிச்சுடுச்சு. லீவு போடாம வந்த ரேணுகா கழுத்துல மாலை வாடக்கூட இல்ல. அனசூயா மேடம் வந்தாங்க. மேல பளிச்சுனு கோட்டு, காலர், டை மாதிரி ஒரு பட்டை. கீழ கரடி பொம்மை போட்ட தூங்கற பேண்ட். கேமராவுல இடுப்புக்குக் கீழ தெரியாதே. திட்டத்தான் வாயைத் திறந்தாங்க, குனிஞ்சு தன் காலைப் பார்த்தாங்க, அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாங்க.

"அரை மணி நேரம் என் மூஞ்சியை நானே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன் ஜமுனா. ஒருத்தர்கூட வரலை. என்னையும் யாரும் கல்யாணத்துக்கு வாங்கன்னு கூப்பிடலை"ன்னாங்க. அது வாஸ்தவம், பத்திரிகை வெக்க எங்களுக்குத் தோணவே இல்ல. நான் என் தலையிலேர்ந்து பாதிப் பூவைக் கிள்ளி அவங்க தலையில வெச்சேன். வேண்டாம்னு சொல்லலை.

பேங்க்காரர் கஜேந்திர ராவ் வந்தார். மும்பையில தமிழ் ஆளுங்க நிறைய இருக்கற மாதுங்காவுல வளர்ந்தவராம், நல்லாவே தமிழ் பேசுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கறுப்புக் கோட்டு, மினுக்கற ஷூ. இந்தப் பக்கம் வந்து நின்னா, முழங்கால் வரைக்கும் வெள்ளைத் துண்டுத் துணி அங்கி, ஹோட்டல்ல குளிச்சுட்டுப் போட்டுக்கக் குடுப்பாங்களே அது, நெஞ்சுல ஹோட்டல் பேரு, கால்ல பஞ்சுச் செருப்பு. அவர் மெதுவா இடுப்புக் கயித்தை இறுக்கிக் கட்டிக்கிட்டார்.

"ஊர்ல தெரிஞ்சவங்க யாரும் இல்ல. நேத்துப் பூரா ரூம்லயேதான் இருந்தேன்"னார்.

"டிபன் சாப்பிட்டீங்களா சார்?"னா ரேணுகா. கல்யாண லட்டும் முறுக்கும் ஒரு தட்டுல அவர் முன்னாடி வந்துச்சு. மனுஷன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து எனக்குப் பாவமாப் போச்சு. ரெண்டாவது லட்டுக்கு அப்புறம்தான் அவருக்கு வந்த வேலை ஞாபகம் வந்து, மாலையும் கழுத்துமா நின்ன ரேணுகாகிட்ட, "எல்லாம் சரிம்மா, இன்னிக்குக் கிளம்பறது நாளைக்கு வந்து சேரும்னு என்ன கேரண்டி?"ன்னு கேட்டார்.

அவ வாயைத் திறக்கறதுக்குள்ள செக்யூரிட்டி அண்ணன் குரல். "ரேணுகாம்மா, உங்க அப்பாவாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோதண்டம். வெளுத்த காக்கிச் சட்டை, பழுப்பேறின வேஷ்டி, கையில வீங்கின ஒரு கட்டைப் பை. மக பக்கம் பார்க்காம தரையைப் பார்த்துப் பேசினார். "வீட்டுல கிடந்த உன் சாமான். உன் புது வீடு எங்கன்னு தெரியாது, ஆபீஸ்தான் தெரியும். இங்க வெச்சுட்டுப் போறேன். உள்ள வர மாட்டேன்."

"பையை வெளிய வெக்கக் கூடாதுங்க, உள்ள வந்து கையில குடுங்க"ன்னு செக்யூரிட்டி அண்ணன் கேட்டைத் திறந்து விட்டுட்டார். அவர் வேணும்னேதான் செஞ்சார்னு நான் இன்னிக்கும் சொல்லுவேன், அவர் இல்லம்பார்.

கோதண்டம் ஒரு எட்டு வெச்சு உள்ள வந்தார்.

பட்டு வேஷ்டி. ஜரிகைக் கரை போட்ட அங்கவஸ்திரம், மடிச்ச மடிப்பு இன்னும் விறைப்பா, ஓரத்துல கடை ஸ்டிக்கர்கூடப் பிய்க்காம. சந்தன நிறத்துல புதுச் சட்டை, காலருக்கு அடியில குத்தின குண்டூசி அப்படியே இருந்துச்சு.

எங்களுக்கெல்லாம் புரிஞ்சுடுச்சு. ராவுக்குக் கோதண்டம் கதை தெரியாது, தணிகாசலம் சார் அவர் காதுல குனிஞ்சு சொன்னார். கோதண்டம் தன் உடம்பைப் பார்த்தார், பையைத் தூக்கி நெஞ்சோட மறைச்சுக்கிட்டார், ஆனா அத்தனை பெரிய பட்டை ஒரு கட்டைப் பையால எப்படி மறைக்கறது.

"நேத்து ஒன்பது மணிக்காப்பா?"ன்னா ரேணுகா.

அவர் பையை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். ஏறத்தான் கால் வரலை. பஸ்ஸா போய்க்கிட்டே இருந்துச்சு. அங்கயே பெஞ்சுல உக்காந்திருந்தேன்"னார். அப்புறம், "இந்நேரம் தாலி ஏறியிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்"னார்.

ரேணுகா மாலையோட ஓடிப்போய் அவரைக் கட்டிக்கிட்டா, பை கீழ விழுந்து, அவ பள்ளிக்கூடத்துல வாங்கின கேரம் கோப்பை ஒண்ணு உருண்டு ராவோட பஞ்சுச் செருப்புல போய் முட்டுச்சு. அவளைக் கொண்டாந்து விட்டுட்டுக் கீழ வண்டியில காத்துக்கிட்டிருந்த சுதாகரை யாரோ போன் போட்டுக் கூப்பிட்டாங்க, அவன் டி-சர்ட்டுல ஏறி வந்து கேட்டைத் தாண்டினதும் மாப்பிள்ளையா நின்னான். ரெண்டு பேரும் கோதண்டம் கால்ல விழுந்தாங்க. அட்சதைக்கு அரிசி எங்க போறது, அனசூயா மேடம்தான் தலையில இருந்த பூவை உருவி உதிர்த்து எல்லார் கையிலயும் குடுத்தாங்க, அந்தக் கரடி பேண்டோட ஓடி ஓடி. ராவும் ரெண்டு கை நிறைய வாங்கிக்கிட்டார். அந்த பேங்க் எங்களோட கை கோத்த கதையை நீங்க பேப்பர்லயே படிச்சிருப்பீங்க, அதுல அவர் அங்கியைப் பத்தி ஒண்ணும் போடலை.

நான் ரேணுகா பக்கத்துல போய், அவ கண்ணை என் முந்தானையால துடைச்சு விட்டுட்டு, கஸ்டமர்கிட்ட கேக்கற அதே குரல்ல கேட்டேன்.

"வந்து சேர்ந்துடுச்சாம்மா?"

அவ அப்பாவோட அங்கவஸ்திரத்துலேர்ந்து அந்த ஸ்டிக்கரைப் பிய்ச்சுக்கிட்டே சிரிச்சா.

"சேர்ந்துடுச்சுக்கா. நேத்தே கிளம்பியிருக்கு."